தமயந்தியின் முகம் ஏன் சேறாகிறது?

கேள்வி: அக்ரிலிக்கில் ஓரளவு நன்றாக வரைவேன். ஆயில் பெயிண்ட் பழக ரவிவர்மாவின் 'ஹம்ச தமயந்தி'யை எடுத்தேன். மூன்று நாளாகத் திருத்தத் திருத்த முகம் சேறு மாதிரி ஆகிறது. சிவப்புச் சேலையும் பிங்க்காகிவிட்டது. நிறத்தை எப்படிக் கலப்பது?

பதில்: முகத்தைக் கெடுத்தது கலவை அல்ல, அவசரம். அக்ரிலிக் நிமிடங்களில் காயும். தப்பினால் மேலே பூசிவிடலாம். ஆயில் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. ஈரத்தின் மேல் மூன்று நாள் தேய்த்தால் வெளிச்சமும் நிழலும் கலந்து சேறாகாமல் என்ன செய்யும்?

புதுக் கேன்வாஸ் எடுங்கள். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பை மட்டும் டர்பன்டைனில் கரைத்து முழுப் படத்தையும் பழுப்பிலேயே வரையுங்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தமயந்தி தெரிய வேண்டும். தெரியும்வரை நிறத்தைத் தொடாதீர்கள்.

பார்த்து வரைவது காலண்டர் படமா? அப்படியானால் அதை எடுத்து வைத்துவிடுங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்களிலேயே மூலத்தின் மெல்லிய நிழல்கள் பாதி போய்விட்டன. காலண்டரில் வருவது பெரும்பாலும் நகலின் நகல். 1899இல் வரைந்த மூலம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத் தொகுப்பில் இருக்கிறது. நல்ல புகைப்படமாவது தேடுங்கள்.

சரி, தோலுக்கு வருவோம். டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), லைட் ரெட் (செங்காவி), பர்ன்ட் அம்பர் போதும். கன்னம் நிழலுக்குத் திரும்பும் இடத்தில் பச்சை தெரிகிறதே என்று பச்சை ட்யூபைத் தேடாதீர்கள். சிவப்புக்குப் பக்கத்தில் வெறும் சாம்பலே கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும்.

சேலையைக் கெடுத்தது வெள்ளை. வெளிச்சத்துக்கு வெர்மிலியன் என்ற பளிச் சிவப்பில் துளி மஞ்சள், நிழலுக்கு அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பில் துளி பச்சை. மடிப்பின் உச்சியில் மட்டும் வெள்ளை. அன்னத்துக்கும் இதே சிக்கனம்தான். உடம்பெல்லாம் சாம்பலும் இளநீலமுமாக இருக்கட்டும். ட்யூப் வெள்ளையை அப்படியே அப்பினால் பிளாஸ்டிக் வாத்து நிற்கும்.

கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல். மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து. அப்புறம், லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.