டீமில் சேரப் போகும் அஸ்தம்பட்டித் தம்பிக்கு

தம்பி, நான்கு வருடம் சேலத்தில் வீட்டிலிருந்தே தனியாளாக சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த மாதம் மியூனிக்கில் எட்டுப் பேர் கொண்ட டீமில் சேரப் போகிறீர்கள். டீம் வேலை ஒத்துவருமா, வாடகை எப்படி, நம்ம சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை அதிகம்தான். புளியும் பருப்பும் கிடைக்கும். அதையெல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம். முதல் கேள்வியை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. 2012இல் நானும் அப்படித்தான் வந்து இறங்கினேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளுக்கு பில்லிங் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். டேட்டாபேஸ், பிரிண்டர், கடைக்காரர் கோபம் எல்லாம் என் ஒருவன் தலையில். அதில் ஒரு சுகம் உண்டு. யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம்.

இங்கே முதல் வேலையிலும் அதே பழக்கம். மூன்று வாரம் யாரிடமும் வாய் திறக்காமல் எழுதி, நாலாயிரம் வரி கோடை ஒரே புல் ரெக்வெஸ்டாக, அதாவது 'பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று டீமிடம் கேட்கும் கோரிக்கையாக, போட்டேன். இரண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து மேசைப் பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் ஓர் இடத்தை விரலால் காட்டினார். தேதிக் கணக்குக்காக நான் எழுதிய 600 வரியின் வேலையும் டீமில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் கோட் லைப்ரரியில் ஏற்கெனவே இருந்தது. "முதல் நாளே கேட்டிருக்கலாமே" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

அதனால் சொல்கிறேன். அரை நாள் முட்டிப் பார்த்தும் வழி தெரியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். அரைகுறையாக இருக்கும்போதே காட்டுங்கள். இங்கே ப்ரொபேஷன் பெரும்பாலும் ஆறு மாதம். அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம். விசாவும் வேலையை நம்பித்தான். சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவரை யாரும் கெட்டிக்காரர் என்று நினைப்பதில்லை.

'கேள்வி கேட்டால் தெரியாதவன் என்று எடுத்துக்கொள்வார்கள்' என்று நம் ஆட்களே சிலர் உங்களிடம் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர்கள்தான் மதியம் தமிழ் பேசத் தனி மேசை பிடிப்பவர்கள். வேலையில் பாதி முடிவு டீம் சாப்பிடும் மேசையில்தான் நடக்கும். தட்டுத்தடுமாறி ஜெர்மன் கற்று நான் அந்த மேசையில் போய் உட்கார்ந்தேன். இன்றும் அதில் எனக்குப் பெருமைதான்.

டீமிலும் தொல்லை உண்டு. எட்டுப் பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச 28 ஜோடி. மீட்டிங் பெருகத்தான் செய்யும். காலையில் இரண்டு மணி நேரம் தனியாக வேண்டும் என்று கேளுங்கள், கொடுப்பார்கள்.

யோசித்தால், இது நமக்குப் புதிதே இல்லை. சிவதாபுரத்தில் மாமாவின் வெள்ளிப் பட்டறையில் ஒரு கொலுசு ஒரே கையில் முடிந்து நான் பார்த்ததில்லை. கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோர்ப்பவர் ஒருவர், பற்றவைப்பது அடுத்த தெரு, பாலிஷ் வேறு வீடு. லீவு நாளில் பாதி முடிந்த கொலுசை டிபன் டப்பாவில் வைத்து சைக்கிளில் கொண்டுபோவேன். பற்றவைக்கும் அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு வளையம் வாய் திறந்திருந்தாலும் அப்போதே திருப்பி அனுப்பிவிடுவார். நான் வந்த வழியே மிதித்துத் திரும்புவேன். மாமா ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி, இடுக்கியால் அழுத்தி, மறுபடியும் டப்பாவில் வைத்துக் கொடுப்பார்.