கொல்கத்தா ருசியும் மலைக் குளிரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மருமகள் கொல்கத்தாப் பெண். அவளுக்காக மிஷ்டி தோய், அதாவது வங்காளிகளின் இனிப்புத் தயிர், செய்து பார்க்கிறேன். மண்சட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தாலும் காலையில் பால் பாலாகவே இருக்கிறது. அதே உறையில் சாதாரணத் தயிர் ஓரளவு தோய்ந்துவிடுகிறது. எங்கே தப்பு?
– வாசகி, ஊட்டி

பதில்: உறையின் மேல் தப்பில்லை. தயிரைத் தோய வைக்கும் நுண்ணுயிர்கள் 40 முதல் 43 டிகிரி சூட்டில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். கொல்கத்தாவில் கோடையிலும் மழைக்காலத்திலும் ராத்திரியே 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே சட்டியைத் துணியால் மூடி மூலையில் வைத்தால் போதும். ஊட்டிச் சமையலறையில் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் பால் ஆறிவிடும். அதோடு, சர்க்கரை கூடக்கூட நுண்ணுயிர்களின் வேலை மெதுவாகும். அதனால்தான் சாதாரணத் தயிர் தோயும் நேரத்தில் இது தோயவில்லை.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் சட்டி. மண்சட்டியை ஊறவைத்து ஈரத்தோடு பயன்படுத்தினால், வெளிப்பக்கத்து ஈரம் காயும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். புதுச் சட்டியை ஒரு நாள் ஊறவைத்துக் கழுவுங்கள். ஆனால் பிறகு வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பால் ஊற்றும் முன் அடுப்பருகில் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

நிறைகொழுப்புப் பால் 1 லிட்டர், சர்க்கரை 120 கிராம். பாலை அடிக்கடி கிளறி 650 மில்லி ஆகும் வரை சுண்டவிட்டு, அதில் 80 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். மீதி 40 கிராமை அடி கனமான வாணலியில் தண்ணீர் விடாமல் சிறு தீயில் உருக்குங்கள். தேன் நிறத்தைத் தாண்டிச் செம்பழுப்பாகும்போது அடுப்பை அணைத்து, சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். ஆறிய பாலை ஊற்றினால் பாகு கல்லாக இறுகிவிடும், கையிலும் தெறிக்கும். பாகில் கருகல் வாசனை வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். அந்தக் கசப்பு பாலில் கலந்தால் போகாது.

பால் 42 டிகிரிக்கு ஆறியதும் (சுத்தமான விரலை விட்டு பத்து எண்ணும் வரை பொறுக்க முடிகிற சூடு), புளிக்காத கெட்டித் தயிர் ஒன்றரை மேசைக்கரண்டியை நன்றாக அடித்துக் கலக்குங்கள். பெரிய குக்கரின் அடியில் இரண்டு விரல் உயரம் கைபொறுக்கும் வெந்நீர் ஊற்றி, ஒரு தட்டு போட்டு, அதன் மேல் சட்டியை வையுங்கள். வெயிட் போடாமல் மூடி, குக்கரையே கம்பளியால் சுற்றுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, சட்டியை அசைக்காமல், ஆறிய தண்ணீரோடு ஒரு டம்ளர் வெந்நீர் சேர்த்தால் போதும். தெர்மோகோல் பெட்டி இருந்தால் இன்னும் சுலபம்: வெந்நீர் நிரப்பிய பாட்டிலைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடலாம். 8 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். ஆறு மணி நேரத்துக்குள் சாய்த்துப் பார்க்கவே வேண்டாம். பாதி தோய்ந்த நிலையில் ஆட்டினால் தண்ணீர் பிரிந்து நிற்கும். தோய்ந்த பிறகு நான்கு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்தால்தான் கத்தியால் வெட்டுகிற பதம் வரும்.

தோடர் எருமைப் பால் கிடைத்தால் விடாதீர்கள். கொழுப்பு அதிகம் என்பதால் அவ்வளவு சுண்டவைக்கத் தேவையில்லை. முக்கால் பங்காகக் குறைந்தாலே போதும்.

கேள்வி: ரசகுல்லா உள்ளே கட்டியாக, வெளியே வெடிப்போடு வருகிறது. மதுரையில் என் அக்கா அதே அளவு, அதே 15 நிமிஷக் கணக்கில் பஞ்சு மாதிரி செய்கிறாள்.
– வாசகி, கொடைக்கானல்

பதில்: வெடிப்பு வேறு, கட்டி வேறு. வெடிப்புக்குக் காரணம் பிசைவது. உள்ளே கட்டியாவதற்குக் காரணம் உங்கள் ஊரின் உயரம்.

மதுரையில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி எவ்வளவு துள்ளினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆகவே 15 நிமிஷம் உங்களுக்குப் போதாது, 20 முதல் 22 நிமிஷம் வேண்டும். அத்தனை நேரம் கொதித்தால் பாகு சுண்டித் தடிக்கும். தடித்த பாகு உருண்டைக்குள் ஏறாமல் வெளியிலேயே நின்று, உருண்டையை இறுக்கிவிடும். 300 கிராம் சர்க்கரைக்கு 1.2 லிட்டர் தண்ணீர் என்று நீர்க்கவே தொடங்குங்கள். மூடி போட்டு முழுத் தீயில் கொதிக்கவிடுங்கள். ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கால் கப் கொதிநீரை ஓரமாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, உப்பிய உருண்டை சுருங்கிவிடும். வெந்துவிட்டதா என்று பார்க்க, ஒன்றை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். அடியில் போய் உட்கார்ந்தால் வெந்துவிட்டது.

மலையில் இருப்பவர்களுக்குக் குக்கர்தான் நல்லது என்பது எங்கள் கருத்து. உள்ளே அழுத்தம் ஏறுவதால் உயரத்தின் தொல்லை கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். பாகு கொதித்ததும் உருண்டைகளைப் போட்டு, ஒரு விசில் வந்த பின் சிறு தீயில் ஏழு நிமிஷம். பாதிக் குக்கருக்கு மேல் நிரப்பக் கூடாது, உருண்டை இரண்டு பங்காக உப்பும். அழுத்தம் தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கினால் பாகு பொங்கி உருண்டைகள் சிதறும்.

இனி வெடிப்பு. பசும்பால்தான் வேண்டும். எருமைப் பாலின் சேனா, அதாவது திரித்து வடித்த பால்கட்டி, முரடாக இருக்கும். 1 லிட்டர் பால் கொதித்ததும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிஷம் விட்டு, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டியை அதே அளவு தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்த அந்த நொடியே சாறு ஊற்றுவதை நிறுத்தி, இரண்டு டம்ளர் குளிர்ந்த நீர் விடுங்கள். சாறு கூடினால் சேனா ரப்பராகும். மஸ்லின் துணியில் வடித்து, புளிப்புப் போக அலசி, 40 நிமிஷம் தொங்கவிடுங்கள். பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டில் தேய்த்துத் தேய்த்து 8 முதல் 10 நிமிஷம் பிசையுங்கள். குருணை மறைந்து, கையில் லேசாக நெய்ப்பசை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கொழுப்பு வெளியேறிவிடும். உருட்டும்போதே கோடு தெரிந்தால் அது வேகும்போது கட்டாயம் பிளக்கும். கையை ஈரமாக்கி மறுபடி உருட்டுங்கள்.

கேள்வி: கொல்கத்தா ஜால்முரி செய்தால், கலந்த கையோடு பொரி நமுத்துப்போகிறது.
– வாசகர், கூடலூர்

பதில்: தென்மேற்குப் பருவமழை கொட்டும் கூடலூரில் பொரி பாக்கெட்டைப் பிரித்த உடனே ஈரம் இழுத்துவிடும். 50 கிராம் பொரியை வெறும் வாணலியில் சிறு தீயில் மூன்று நிமிஷம் வறுத்து, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு கலந்தால் ஆவியிலேயே நமுக்கும். முதலில் பச்சைக் கடுகெண்ணெய் ஒன்றரை தேக்கரண்டி விட்டுக் குலுக்க வேண்டும். எண்ணெய் பூசிய பொரி ஈரத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் வறுத்த வேர்க்கடலை, கறுப்புக் கொண்டைக்கடலை, மெல்லிய தேங்காய்க் கீற்று, பச்சைமிளகாய், வறுத்த சீரகப்பொடி. வெங்காயமும் வெள்ளரியும் கடைசியில்தான். கடுகெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றினால் அது வேறு பண்டம்.

கேள்வி: கொல்கத்தா தெருக்களில் விற்கும் லேபு சா, எலுமிச்சை டீக்கு நம் நீலகிரித் தூள் ஒத்துவருமா?
– வாசகர், குன்னூர்

பதில்: மிக நன்றாக ஒத்துவரும். தேயிலை ஏலம் 1861லேயே தொடங்கிய ஊர் கொல்கத்தா, குன்னூரில் 1963ல் தொடங்கியது. கொல்கத்தாவின் பால் டீக்கு அசாம், வட வங்காளத்து டூவர்ஸ் பகுதிகளின் சி.டி.சி. தூள், அதாவது இயந்திரத்தில் நசுக்கிய குருணைத் தூள், தரும் கெட்டிச் சாயம் வேண்டும். பால் விடாத டீக்கு மணம்தான் முக்கியம், அது நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலையில் (நசுக்காமல் சுருட்டிய இலை) தாராளமாக இருக்கிறது. ஆறினாலும் கலங்காது என்பது இதன் தனிச் சிறப்பு. 200 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, மூடி வைத்து மூன்று நிமிஷம். வடித்த பிறகு சர்க்கரை ஒரு தேக்கரண்டி, கறுப்பு உப்பு இரண்டு சிட்டிகை, அரை எலுமிச்சம்பழத்தின் சாறு. இலையோடு சேர்த்துச் சாறு பிழிந்தால் சாயம் சரியாக இறங்காது. சாறு விட்டதும் நிறம் வெளிறுவது இயல்பு, தூளைச் சந்தேகப்பட வேண்டாம். இந்துப்பு போட்டால் அந்த ருசி வராது, கறுப்பு உப்பின் கந்தக வாசனைதான் அதன் உயிர்.

கேள்வி: அறுபத்தைந்து வயது தாண்டிய அப்பா அம்மாவோடு கொல்கத்தா போகிறோம். அவசரமாக இடம் பார்ப்பதைவிட, அந்த ஊர்க்காரர்கள் பொழுதைக் கழிப்பது போலக் கழிக்க ஆசை. எப்போது, எப்படி?
– வாசகி, கோத்தகிரி

பதில்: நல்ல ஆசை. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை போங்கள். கோத்தகிரிக் குளிருக்குப் பழகிய உடம்பு ஏப்ரல், மே புழுக்கத்தைத் தாங்காது. ஜூலை, ஆகஸ்டில் பல தெருக்களில் தண்ணீர் நிற்கும். குளிர்காலத்தில் ஒரே குறை புகை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். துர்கா பூஜை நம் நவராத்திரியின் கடைசி ஐந்து நாள். பந்தல்களுக்கு ராத்திரி முழுக்கக் கூட்டம் வரும், மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில்தான் போக முடியும் என்றால் விடியற்காலை ஆறு மணிக்குப் பந்தல் பாருங்கள்.

காலையை ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் தொடங்கலாம். நடப்பவர்கள், துடுப்புப் படகு விடுபவர்கள், பெஞ்சில் உட்கார்ந்து அரசியலும் கால்பந்தும் பேசுபவர்கள் என்று ஊரே அங்கே இருக்கும். அங்கிருந்து லேக் மார்க்கெட் பக்கம்தான். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி, இட்லியும் ஃபில்டர் காபியும் கிடைக்கும். ஆனால் ஒரு காலையாவது கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிடுங்கள். எட்டு மணிக்குள் போனால் எண்ணெயிலிருந்து எடுத்தது அப்படியே இலைக்கு வரும். சைவம் என்றால் "நிராமிஷ்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாயங்காலத்துக்குப் படகைவிட நல்லது இல்லை. ஹவுரா படகுத்துறையில் ஏறி பாபுகாட்டில் இறங்கலாம். சில ரூபாய் டிக்கெட்டில் ஹூக்ளி ஆற்றின் நடுவிலிருந்து 1943ல் திறந்த ஹவுரா பாலத்தை முழுசாகப் பார்க்கலாம். படகுத்துறைச் சாய்பாலம் நீர்மட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். நீர் தாழ்ந்திருக்கும்போது சரிவு செங்குத்தாகும், பெரியவர்களைக் கைபிடித்து இறக்குங்கள். திரும்பும்போது மெட்ரோ பிடித்தால் அதே ஆற்றுக்கு அடியில் வரலாம். 2024ல் திறந்த சுரங்கப் பாதை அது, நிலையம் ஆழம் என்பதால் லிஃப்ட் எங்கே என்று கேட்டு வையுங்கள். 1873ல் தொடங்கிய டிராம் இப்போது ஓரிரு தடங்களில் மட்டுமே ஓடுகிறது. படி உயரம், நெரிசல் இல்லாத மத்தியானத்தில் ஏற்றுங்கள்.

கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலானவை மூடியிருக்கும். அங்குள்ள காபி ஹவுஸுக்கு மாடி ஏற வேண்டும். ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சென்னை சென்ட்ரலில் புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடும். ஹவுரா மெயில் ஹவுராவுக்கே போகும். ஹவுராவும் ஷாலிமாரும் தனித்தனி நிலையங்கள். அழைக்க வருபவரிடம் நிலையத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.