கரையேறிய பவளம், கிணற்றுக் கிளிஞ்சல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மண்டபம், ராமேஸ்வரம் கரையோரம் பழைய பவளப்பாறை நீருக்கு மேலே காய்ந்து நிற்கிறது. கடல் இறங்கியதா, நிலம் எழும்பியதா? (மண்டபம் வாசகர்)

பதில்: முதலில் அந்தப் பவளம் அங்கேயே வளர்ந்ததா என்று பாருங்கள். கிளைத் துண்டுகள் குவியலாகக் கிடந்தால் புயல் அள்ளிப் போட்டவை, கணக்கில் சேராது. அடி பாறையோடு ஒட்டியிருக்க வேண்டும், தலை மேல்நோக்கியிருக்க வேண்டும்.

நமக்கு மிக உதவுவது போரைட்டஸ் வகை. தாழ் ஓதத்தில், அதாவது கடல்நீர் வற்றி இறங்கும் நேரத்தில், வெளியே தெரியும் தலைப்பகுதி செத்துவிட, பக்கவாட்டில் மட்டும் வளர்ந்து தோசைக்கல் மாதிரித் தட்டையாகும். அந்தத் தட்டைப் பரப்பு அக்காலத் தாழ் ஓத மட்டத்துக்கு நல்ல சாட்சி. அதே கடலில் இன்று உயிரோடிருக்கும் தட்டைப் பவளத்தின் உயரத்தை அளந்து கழித்தால் போதும். செத்தது 80 செ.மீ. மேலே இருந்தால், அந்தக் கரையைப் பொறுத்தவரை கடல் 80 செ.மீ. இறங்கியிருக்கிறது. ஒப்பிட எடுக்கும் பவளம் திறந்த நீரில் இருக்கட்டும். மணல்திட்டு மறித்து நீர் தேங்கும் குட்டையில், ஓதம் வற்றினாலும் நீர் நிற்கும். பவளம் கூடுதல் உயரம் வளர்ந்து ஏமாற்றும்.

உயரத்தை லெவலிங் கருவியால், நில அளவைத் துறை உயரம் குறித்து நட்ட குறிக்கல்லில் தொடங்கி அதே கல்லில் முடித்து அளக்க வேண்டும். ஜி.பி.எஸ். தரும் மூல உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல, பூமிக்கு வைத்துக்கொண்ட ஒரு கணித வடிவத்திலிருந்து அளந்தது. புவியீர்ப்பு வேறுபாட்டால் கடல்மட்டம் அந்த வடிவத்தைவிட உலகிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் ராமேஸ்வரக் கரையில் நின்றாலே அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே 90 மீட்டரைத் தாண்டும். திருத்தம் போடாமல் பயன்படுத்தினால் எல்லாம் பாழ்.

இனி உங்கள் கேள்வி. ஒரே இடத்தை வைத்து விடை சொல்ல முடியாது. கரை நெடுகச் சமவயதுப் பவளங்களை அளக்க வேண்டும். உயரம் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் நிலம் அசைந்திருக்கிறது. எங்கும் ஏறத்தாழ ஒரே உயரமென்றால் கடல்மேல் சந்தேகம் வலுக்கும். பனிப்பாளங்களுக்கு வெகுதொலைவில் உள்ள வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில், சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் பனி பெரும்பாலும் உருகி முடிந்த பிறகு கடல் இன்றைவிட ஓரிரு மீட்டர் உயர்ந்து நின்றது. பின்னர், பனிப்பாளங்களைச் சுற்றி முன்பு புடைத்திருந்த கடலடி தாழ, அந்தப் பள்ளத்துக்கு நீர் நகர்ந்து இங்கே மட்டம் இறங்கியது. ராமநாதபுரக் கரையின் உயர்ந்த பவளத்திட்டுக்கு 1972-இல் வெளியான கார்பன் வயது (கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிச்சம் என்று அளந்து கணித்த வயது) சுமார் 4,000 ஆண்டு. இந்தக் கதையோடு அது பொருந்துகிறது.

கேள்வி: கார்பன் வயதை அப்படியே நம்பலாமா? (நெல்லை மாணவர்)

பதில்: கூடாது. கடல்நீரிலுள்ள கார்பனே பழசு. அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் உயிரோடு பிடித்த சிப்பியும் ஏறத்தாழ 400 வயது காட்டும். இது இடத்துக்கு இடம் மாறுவதால் உள்ளூர்த் திருத்தம் வேண்டும். அடுத்தது மழைநீர். பவளத்தின் சுண்ணாம்புக் கனிமமான அரகோனைட் அதில் கரைந்து, கால்சைட் என்ற வேறு சுண்ணாம்புக் கனிமமாக மாறும்போது புதிய கார்பன் உள்ளே புகும். எக்ஸ்-கதிர் சோதனையில் கால்சைட் தெரிந்தால் மாதிரியை ஒதுக்குங்கள். லட்சம் ஆண்டுப் பவளத்தில் 1 சதவீதம் நவீன கார்பன் கலந்தாலே வயது சுமார் 37,000 என்று வரும். 'முப்பதாயிரம் ஆண்டுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தில் இருந்தது' என்ற பழைய முடிவுகள் பல இப்படிப் பிறந்தவைதான். சந்தேகம் வந்தால் யுரேனியம்-தோரியம் முறை, அதாவது யுரேனியம் சிதைந்து உண்டான தோரியத்தை அளந்து வயது காண்பது. சுமார் 5 லட்சம் ஆண்டு வரை எட்டும்.

கேள்வி: இலங்கைக்கு நடந்தே போகும் காலம் இருந்ததா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இருந்தது. 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. ராமர் பாலத் திட்டுகளின் மேல் இன்று நிற்கும் நீர் சில மீட்டர்தான்.

கேள்வி: கிணறு தோண்டும்போது 3 மீட்டர் ஆழத்தில் கிளிஞ்சல் அடுக்கு வந்தது. அங்கே கடல் இருந்ததா? (நாகை வாசகர்)

பதில்: கிளிஞ்சலின் இரு ஓடுகளும் மூடியபடி, சேற்றுக்குள் நிமிர்ந்து இருந்தால் அங்கேயே வாழ்ந்தது. ஒற்றை ஓடுகள் தேய்ந்து, மணலோடு கலந்திருந்தால் அலை கொண்டுவந்தது. கரியும் பானை ஓடும் சேர்ந்திருந்தால் யாரோ தின்றுவிட்டுப் போட்டது!

கழுவாதீர்கள். அடுக்கை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, தரையிலிருந்து ஆழம் குறித்து, மூடிய ஓடுகள் நாலைந்தைச் சேற்றோடு பையில் போடுங்கள். அந்தச் சேற்றிலுள்ள நுண்ணுயிர் ஓடுகள் அது கழிமுகமா, உப்பங்கழியா, திறந்த கடலா என்று சொல்லும். ஒரு எச்சரிக்கை: மென்களிமண் காலப்போக்கில் அமுங்கும். 3 மீட்டரில் கிடைத்தது முதலில் இன்னும் மேலே இருந்திருக்கலாம். அதனால் கெட்டியான அடித்தரைக்குச் சற்று மேலே கிடைக்கும் மாதிரிக்கே மதிப்பு அதிகம்.