வழக்கறிஞர் அல்லாதவர் சட்ட உதவி அமைப்பில் தன்னார்வலராகச் சேரலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஏழை விசாரணைக் கைதிகளுக்காக வாதாடும் தொண்டு நிறுவனம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். சட்டம் படிக்காதவர் இதில் இறங்கினால் வம்பு வரும் என்கிறார்கள். ‘மனித உரிமை’ அடையாள அட்டை வாங்கினால் காவல் நிலையம்வரை செல்லலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: தாராளமாகச் சேருங்கள், அந்த அட்டைக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்திலோ சிறையிலோ நுழையும் உரிமையைத் தனியார் அச்சடித்து விற்கும் எந்த அட்டையும் தராது. முத்திரையையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்த நல்ல மனிதர்கள் பலர், பின்னர் அட்டை விற்ற அதே தரகருக்காகச் சிறை வாசலில் ஆள் பிடிக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். அரசு அங்கீகாரத்துடன் பணியாற்ற விரும்பினால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 2009 முதல் நடைமுறையிலுள்ள சட்டத் தன்னார்வலர் திட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் இடமுண்டு. பயிற்சியையும் அடையாள அட்டையையும் ஆணைக்குழுவே வழங்கும்.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் தடுப்பது, பதிவு பெறாதவர் வழக்கறிஞராகத் தொழில் செய்வதைத்தான்; அதற்கு ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை உண்டு. குடும்பத்தாரிடம் விவரம் கேட்டு எழுதுவதும், முதல் தகவல் அறிக்கையையும் ரிமாண்ட் உத்தரவுகளையும் தேதி வரிசையில் அடுக்குவதும், அடுத்த வாய்தாவை வீட்டாருக்கு நினைவூட்டுவதும் அந்தத் தடைக்குள் வாரா. “ஜாமீன் கிடைக்குமா?” என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லாமல் அமைப்பின் வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருப்பதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தரகர்கள் அதைத்தான் திரித்துப் பேசுகிறார்கள். அதே சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி, வழக்கறிஞர் அல்லாத ஒருவரை ஒரு குறிப்பிட்ட வழக்கில் முன்னிலையாக நீதிமன்றம் அனுமதிக்கலாம். அந்த அனுமதி அந்த ஒரு வழக்குக்கு மட்டுமே உரியது. கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். கைதியிடம் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் வாதாடலாம் என்பது பொய். பத்திரம் கையில் இருந்தாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாய் திறக்க முடியாது.

காவலில் இருப்பவருக்கு, வருமான வரம்பு ஏதுமின்றி, இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழங்குகிறது. “இலவச வக்கீல் வாதாட மாட்டார், பணத்தை என்னிடம் கொடுங்கள்” என்று தரகர் மிரட்டும் குடும்பத்துக்கு இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணைச் சொல்வதே பேருதவி. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், அவர்மீது வேறு வழக்கு நிலுவையில் இல்லாவிட்டால், மரணமோ ஆயுளோ தண்டனையாக வரக்கூடிய வழக்குகள் நீங்கலாக, உச்சபட்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விடப்பட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு. அதற்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. அந்தக் கடிதம் உரிய நாளில் போகாததற்குக் கைதி தன் வாழ்நாளைக் கொடுக்க வேண்டியிருப்பது பொறுக்க முடியாத அநீதி. ஆகவே சேர்ந்தவுடன் நாட்களைக் கணக்கிடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

இரக்கப்பட்டு யாருக்கும் ஜாமீன்தாரராகக் கையெழுத்திடாதீர்கள். அவர் தலைமறைவானால் பிணைத் தொகையைக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.