500 வாட் எங்கே போயிற்று?

கேள்வி: என் கணினியின் பவர் சப்ளையில் 500 வாட் என்று போட்டிருக்கிறது. வீடியோ கேம் தொடங்கிய சில நிமிடங்களில் கணினி அணைந்து மறுபடி தொடங்குகிறது. லேபிளில் உள்ளவை: 3.3 வோல்ட் – 14 ஆம்பியர், 5 வோல்ட் – 16, 12 வோல்ட் – 18. மல்டிமீட்டரில் 11.9 வோல்ட் வருகிறது. கையில் எடுத்தால் நல்ல கனம். கிராபிக்ஸ் கார்டு 160 வாட், பிராசசர் 65 வாட். இது தரமான பவர் சப்ளைதானா?

பதில்: லேபிளை முழுசாக எழுதி அனுப்பினீர்களே, உங்களுக்குப் புண்ணியம். பெட்டியின் நிறத்தை மட்டும் எழுதித் தீர்வு கேட்பவர்கள்தான் அதிகம்.

12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். கார்டும் பிராசசரும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் தடத்திலிருந்துதான் உறிஞ்சுகின்றன. நீங்கள் சொன்ன இரண்டையும் கூட்டினாலே 225. பிராசசரின் 65 என்பதும் உச்ச அளவு அல்ல. வேலை கூடும்போது பல பிராசசர்கள் அதைத் தாண்டும். 3.3, 5 வோல்ட் தடங்களையும் தாராளமாகக் கூட்டிப் பார்த்தேன், 342 வாட்டுக்கு மேல் போகவில்லை. மீதி அட்டையில் அச்சடித்த மையில்தான் இருக்கிறது. கணினி சூடேறினாலும் அணையலாம் என்றாலும், நான் முதலில் பிடிப்பது இந்தப் பவர் சப்ளையைத்தான்.

11.9 வோல்ட் எப்போது அளந்தீர்கள்? கணினி சும்மா இருந்தபோது என்றால் அந்த எண்ணால் பயனில்லை. கேம் ஓடும்போது அளந்து பாருங்கள், 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். நின்றாலும் பாதி உண்மைதான் தெரியும். மல்டிமீட்டர் சராசரியைச் சொல்லுமே தவிர, அதன் மேல் துடிக்கும் சிற்றலையைக் காட்டாது. 12 வோல்ட் தடத்தில் அந்த அலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதைப் பார்க்க, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். அதனால்தான் முழுச்சுமை ஏற்றி அலைவடிவத்தைக் காட்டும் ஆய்வுகளைப் படித்துவிட்டு வாங்கச் சொல்கிறேன்.

கனத்தை நம்பாதீர்கள், இரும்புத் துண்டுக்கும் கனம் உண்டு. '80 பிளஸ்' ஸ்டிக்கரும் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. சிற்றலை, பாதுகாப்புச் சுற்று பற்றி அதற்குப் பேச்சே கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துவிட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டிச் சுருளும் சிறு பெட்டிகளும் இருக்க வேண்டிய இடம் வெறும் பலகையாக, கம்பித்துண்டால் இணைத்ததாகத் தெரிந்தால், தயாரித்தவர் எங்கே கை வைத்தார் என்பது புரிந்துவிடும்.

450 வாட் என்றே போட்டிருந்தாலும், 12 வோல்ட் தடத்தில் 36 ஆம்பியர் தரும் ஒன்றைத் தேடுங்கள். கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி சூடு தாங்கும் வகையாக இருந்தால் நல்லது. பழையதை மட்டும் வேறு யார் தலையிலும் கட்டிவிடாதீர்கள்.