கீளிக்குஞ்சின் வயிற்றில் செதில் மட்டும் இருப்பது ஏன்?

முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் (கடலோர உப்புநீர் ஏரியில்) வீச்சுவலையில் பட்ட, கீளி என்னும் மீனின் குஞ்சுகளுடைய வயிற்றைக் கீறியபோது செதில்கள் மட்டுமே இருந்தன என்றும், அவை செத்த மீனைத் தின்றிருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியல்ல. உயிரோடு நீந்தும் மீன்களின் உடம்பிலிருந்து கீளி பிடுங்கித் தின்ற செதில்களே அவை.

முல்லைத்தீவில் களப்பு மீன் வெட்டிப் பழகிய எவரும் இதனை எளிதில் சரிபார்க்கலாம். முழு மீனையோ செத்த மீனின் சதையையோ தின்றிருந்தால், செதிலோடு முள்ளும் சதைத்துணுக்கும், சில வேளை கண்ணுக்குள் இருக்கும் கெட்டியான வெள்ளை மணியும் வயிற்றில் அகப்படும். கீளிக்குஞ்சின் இரைப்பையிலோ செதில்கள் சீட்டுக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவற்றோடு ஒரு முள்கூட இருக்கவில்லை.

தன்னால் விழுங்க முடியாத மீனை நெருங்கி, அதன் விலாவில் சட்டென்று மோதி, சில செதில்களைக் கவ்விக்கொண்டு கீளி விலகிவிடுகிறது. செதில் வெறும் ஓடு அன்று. புரதநாரும் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்த மெல்லிய தகடு அது, அதன்மேல் தோலும் வழுவழுப்பும் ஒட்டியிருக்கும். அடிபட்ட மீன் பெரும்பாலும் சாவதில்லை, இழந்த செதிலும் திரும்ப முளைக்கும் என்பதால், மணலை என்னும் மீன்கள் கூட்டமாக மேயும் களப்பில் இந்த இரைக்குக் குறைவே வராது. தென்னாபிரிக்கக் கழிமுகங்களில் வாழும் இதே இன மீன்களின் செதில் தின்னும் வழக்கத்தை விரிவாக ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1978 இல் வெளிவந்தது. ஆகவே இது நம் களப்புக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் கீளி செதிலை மட்டும் நம்பி வாழும் மீனும் அன்று. இறால், சிறு நண்டு, புழு, பூச்சி, மீன்குஞ்சு என அகப்படுவதையெல்லாம் அது உண்ணும். தாய்மீன்கள் கடலில் முட்டையிட, குஞ்சுகள் முகத்துவாரங்கள் வழியே களப்புக்குள் வந்து வளர்கின்றன. எனவே வட்டுவாகலில் மணல்திட்டு வெட்டுப்பட்டுக் கடலும் களப்பும் கலக்கும் மாரிகாலம் இவற்றுக்கு மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன்.

அடுத்த முறை மணலை மீன் வாங்கும்போது, விலாவில் சில செதில்களை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இயல்பான செதிலில் நடுவிலிருந்தே நுண்ணிய வளையங்கள் தொடங்கும். இழந்த இடத்தில் புதிதாக முளைத்த செதிலின் நடுப்பகுதியில் அந்த வளையங்கள் இரா. வலையில் உரசியும் செதில் உதிரலாம் என்பதால், அத்தகைய செதில் ஒவ்வொன்றையும் கீளியின் கணக்கில் எழுதிவிட முடியாது.