திடீரென ஒரு காது கேட்கவில்லை: சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஐந்து நாட்களுக்கு முன் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்தாற்போல இருந்தது. உள்ளே ஓயாத இரைச்சல். வலி, சளி எதுவும் இல்லை. மருந்துக்கடையில் குறும்பி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். குறையவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா?

பதில்: பார்க்க வேண்டாம். இன்றே, தவறினால் நாளை, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். வாய் கோணல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் ஏதாவது சேர்ந்திருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒலி எழுப்புங்கள். அடைத்த காதில் அது பலமாகக் கேட்டால் குறும்பியாகவோ நடுக்காதில் நீராகவோ இருக்கலாம். நல்ல காதின் பக்கம் கேட்டால் உள்காதோ செவி நரம்போ பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். மருத்துவர் இதையே 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) நெற்றியில் வைத்துப் பார்ப்பார். இது வெறும் தடயம்தான்; முடிவு சொல்வது ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை. மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று ஒலி அதிர்வெண்களில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் குறைந்திருந்தால் அது திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு. வலி இல்லாததால்தான் பலர் இதைக் குறும்பி என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் பிடிபடுவதில்லை. சிலருக்குத் தானாகவே சரியாகும். யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சிகிச்சை ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஆறு வாரம் கடந்தால் எதிர்பார்க்க அதிகமில்லை. வழக்கமாக பிரெட்னிசோலோன், உடல் எடை கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு அதிகபட்சம் 60 மில்லிகிராம், காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக. 10 முதல் 14 நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். இந்த அளவைக் கடையில் சொல்லி நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. பாதியில் நிறுத்தவும் கூடாது.

உங்கள் விஷயத்தில் சர்க்கரைதான் சிக்கல். காலையில் மாத்திரை போட்டால் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் அது தெரியாது. மதிய உணவுக்குப் பிறகும், இரவு உணவுக்கு முன்னும் பாருங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால், ஸ்டீராய்டை ஊசி மூலம் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் செலுத்தும் முறை உண்டா என்று கேளுங்கள். செவிப்பறையை மரக்கச் செய்துவிட்டு அரை மில்லிலிட்டர் அளவில் டெக்சாமெத்தசோன் செலுத்துவார்கள். அந்தக் காது மேலே இருக்கும்படி 15 முதல் 30 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். பேசினாலோ எச்சில் விழுங்கினாலோ மருந்து தொண்டைக்குள் வடிந்துவிடும். இரண்டு வாரத்தில் நான்கு ஊசி வரை போடுவது வழக்கம். சற்று நேரத் தலைசுற்றல் வரலாம். செவிப்பறையில் ஓட்டை நிலைத்துவிடுவது அரிது. மாத்திரை பலிக்காதவர்களுக்கும் அடுத்த படி இதுவே.

ஆன்டிபயாடிக், வைட்டமின், இரத்த ஓட்ட மாத்திரை ஆகியவற்றால் இதில் பலன் நிரூபிக்கப்படவில்லை. அவற்றை முயன்று பார்ப்பதற்குள் ஸ்டீராய்டுக்கான நாட்கள் போய்விடும், அதுதான் என் கவலை. எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையைச் சரியாகப் பார்க்க முடியாமல் போகும்.

கேட்கும் திறன் முழுதாகத் திரும்பினாலும் எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள். செவி நரம்பில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி சிலருக்கு இப்படித்தான் முதலில் தெரியவரும். சாதாரண சிடி ஸ்கேனில் சிறு கட்டி தப்பிவிடும். சிகிச்சை முடிந்ததும் ஒருமுறை, ஆறு மாதத்துக்குள் மறுபடி ஒருமுறை ஆடியோகிராம் எடுங்கள். அப்போதும் குறை இருந்தால் காது கேட்கும் கருவி உதவும். அந்தக் காது அறவே கேட்கவில்லை என்றால், அந்தப் பக்க ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவியோ அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட்டோ பொருந்துமா என்று செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள்.